சும்மாடு முதல் ஸ்பேசர் வரை: கொஸ்லந்தப் பாதையில் சுமையின் சரித்திரம்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்ல வழியாக மட்டக்களப்பு நோக்கிச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலை, பெரகலைச் சந்தியைக் கடந்ததும் மலையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு இறங்கத் தொடங்குகிறது. அந்த இறக்கத்தின் நடுவில் அமைந்த சிறு நகரமே கொஸ்லந்த. மேலே ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில் அப்புத்தளை. கீழே 200 மீற்றர் அளவில் வெல்லவாய. நகரைத் தாண்டிச் சிறிது தூரம் சென்றால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி. இப்பாதையில் எதை ஏற்றிச் சென்றாலும், ஏற்றத்தில் அது பின்னோக்கி இழுக்கும். இறக்கத்தில் முன்னோக்கித் தள்ளும். வளைவில் பக்கவாட்டில் சரியும்.

அண்மைக் காலமாக இப்பாதையில் மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் செய்வோரைக் காண முடிகிறது. பின்சில்லின் இரு பக்கங்களிலும் பெட்டிகள் தொங்கும். ஆசனத்தின் பின்னே ஒரு பை கட்டப்பட்டிருக்கும். பார்ப்பவரின் கண் பெட்டிகளோடு நின்றுவிடும். பெட்டியைத் தாங்கும் சட்டத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே, ஒரு போல்ட்டைச் சூழ்ந்து நிற்கும் சிறு உலோகக் குழாய்த் துண்டை எவரும் கவனிப்பதில்லை. அதற்குப் பெயர் ஸ்பேசர். நம் கராஜ்களில் அப்பெயராலும், சில இடங்களில் பாக்கிங் என்றும் வழங்கும். தமிழில் இடைத்துண்டு எனலாம்.

அதன் வேலை இடைவெளி உண்டாக்குவது; அவ்வளவுதான். ஆனால் அந்த இடைவெளி இல்லையெனில் பெட்டியின் அடிப்புறம் சூடான சைலன்சரில் பட்டு உருகும். திருப்பத்துக்குச் சமிக்ஞை காட்டும் விளக்கை அது மறைக்கும். குழியில் வண்டி இறங்கி எழும்போது பை சில்லில் உரசும். சுமையைத் தாங்குவது ஒன்று; சுமை தன்னைத் தாங்குவதைப் புண்படுத்தாமல் இருக்கச் செய்வது வேறொன்று. முன்னதை வண்டி செய்யும். பின்னதை இந்தச் சிறு துண்டு செய்யும்.

ஊவா மலைநாட்டின் போக்குவரத்து வரலாற்றை எழுதியோர் வீதிகளையும், புகையிரதப் பாதைகளையும், ஏற்றுமதியான தேயிலையின் நிறையையும் எழுதியிருக்கிறார்கள். சுமைக்கும் சுமப்பதற்கும் இடையே வைக்கப்பட்ட பொருளைப் பற்றி எழுதியோர் அரிது. ஒவ்வொரு காலத்திலும் அப்பொருளைத் தேடிக் கண்டு வடிவமைத்தவர் சுமந்தவரே என்பதே இக்கட்டுரை சொல்ல வருவது.

சுமடும் பொதியும்

தமிழில் இதற்கு மிகப் பழைய சொல் இருக்கிறது. தலையில் பாரம் ஏற்றுவோர் துணியையோ வைக்கோலையோ வளையமாகச் சுற்றி வைக்கும் அடையை நாம் சும்மாடு என்கிறோம். சங்க இலக்கியத்தில் இதுவே சுமடு. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்கச் செல்லும் ஆயர் பெண் தன் தலையில் மென்மையான சுமட்டை வைத்து, அதன்மேல் பானையை ஏற்றிச் செல்கிறாள். உருண்டையான தலையில் உருண்டையான பானை நிற்காது. பாரம் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிக்கும். சுமடு இரண்டையும் தீர்க்கிறது. பாரத்தைப் பரப்பவும் செய்கிறது, அசையாமல் இருத்தவும் செய்கிறது. இன்றைய ஸ்பேசருக்கு இலக்கணம் சொல்லும் பொறியியலாளரும் ஏறத்தாழ இதையேதான் சொல்வார்.

வீதிகள் அமைவதற்கு முந்திய ஊவாவில் பாரம் பெரும்பாலும் மாட்டின் முதுகிலேயே சென்றது. வரிசையாகச் செல்லும் பொதி மாடுகளின் கூட்டத்தைச் சிங்களத்தில் தவலம என்பர். கண்டி இராச்சியக் காலத்தில் இத்தொழிலில் முஸ்லிம் வணிகர்கள் முன்னின்றனர். தென் கடலோரத்தின் உப்பும் கருவாடும் மலையேறின. பாக்கும் பிற விளைபொருட்களும் இறங்கின. உப்பின்றி ஓர் ஊரும் வாழாது என்பதால், தவலமத்தைக் கையில் வைத்திருப்பது அரசியல் பலமாகவும் இருந்தது. 1817-18ஆம் ஆண்டுகளின் ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சிக்கான காரணங்களுள் ஒன்றாக, வெல்லஸ்ஸவில் ஒரு முஸ்லிமை முஹாந்திரமாகப் பிரித்தானியர் நியமித்ததை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுவது இப்பின்னணியிலேயே.

பொதி மாட்டின் முதுகில் இரு பக்கமும் சம நிறையுள்ள பொதிகள் தொங்கும். ஒரு பக்கம் கூடினால் பொதி சரியும். சரிந்த பொதி முதுகைத் தேய்க்கும். தேய்ந்த இடம் புண்ணாகும். புண்பட்ட மாடு பல நாட்களுக்கு நடக்காது. எனவே முதுகெலும்பில் பாரம் படாதபடி இடையில் மெத்தை வைப்பது வணிகனின் கருணையை மட்டும் பொறுத்த காரியமல்ல. அவனது பிழைப்பே அதில் இருந்தது. மோட்டார் சைக்கிளின் பக்கப் பெட்டியை ஆங்கிலேயர் பானியர் என்று அழைக்கிறார்கள். இலத்தீனில் ரொட்டிக் கூடையைக் குறித்த சொல்லிலிருந்து பிறந்து, கழுதையின் இரு பக்கமும் தொங்கவிடும் கூடைக்கு வழங்கி, பின்னர் வண்டிக்கு வந்த சொல் அது. பொதி விலங்கின் நினைவு அப்பெயரில் இன்றும் இருக்கிறது.

கம்பளி, கொங்காணி, படங்கு

கோப்பிக் காலத்தில் காட்சி மாறியது. தென்னிந்தியாவிலிருந்து வந்த எம் முன்னோர் காடழித்தார்கள், வீதி வெட்டினார்கள். வீதி எட்டாத இடங்களுக்கு அரிசி மூட்டையைத் தலையில் ஏற்றிச் சென்றவர்களும், அங்கிருந்து கோப்பி மூட்டையைத் தலையில் இறக்கி வந்தவர்களும் அவர்களே. 1869இல் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது; தேயிலை வந்தது. தேயிலைக்குக் கொழுந்து பறிக்க வேண்டும். பறித்த கொழுந்து வாடிச் சூடேறுமுன் ஆலைக்குச் செல்ல வேண்டும். சுமப்பது அன்றாட வேலையாயிற்று.

கொழுந்துக் கூடையின் கயிறு தலையில் மாட்டப்படுகிறது. கூடை முதுகில் தொங்குகிறது. இரு கைகளும் பறிப்பதற்கு ஒழிவாக இருக்க வேண்டும் என்பதால் ஏற்பட்ட முறை இது. கூடையின் முழு இழுப்பும் உச்சியிலும் கழுத்திலும் விழும். அக்கயிற்றுக்கும் தலைக்கும் இடையே இருப்பதுதான் கொங்காணி. சாக்கையோ கம்பளியையோ மடித்துத் தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொள்வது. மழைக்கும் அதுவே காப்பு. இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கு, தேயிலைச் செடியின் கிளைகள் உடம்பைக் கிழிக்காதபடி தடுக்கும். இவை இரண்டையும் உடைகள் என்று மட்டும் எண்ணுவது தவறு. தொழில் உடம்பில் நேராகப் படாதபடி வைக்கப்பட்ட இடைத்துண்டுகள் அவை.

தோட்டக் கணக்கேடுகளில் கொழுந்தின் நிறை எழுதப்படும். இன்றும் பல தோட்டங்களில் நாளொன்றுக்கு 18 கிலோகிராம் என்பதே எதிர்பார்க்கப்படும் அளவு. குறைந்தால் அரைப் பெயர். ஆனால் கயிறு அழுத்திய உச்சியில் முடி உதிர்ந்த இடம் எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை. எந்த அகலத்தில் மடித்தால் வலி குறையும், ஈரச் சாக்கு எப்போது காய்ந்ததைவிடக் கனக்கும், கயிற்றைத் தலையில் எங்கே இருத்தினால் கழுத்து தாங்கும் என்பன தாய் மகளுக்குச் சொல்லிக் கொடுத்த பாடங்கள்.

ஆலையில் முடிந்த தேயிலைக்குக் கிடைத்த கவனம் வேறுவிதமானது. தேயிலை ஈரத்தையும் மணத்தையும் எளிதில் உறிஞ்சும் என்பதால், மரப்பெட்டியின் உட்புறம் முழுவதும் ஈயத்தகடு வைத்து அடைத்தார்கள். பின்னாளில் அலுமினியத் தாள் வந்தது. பெட்டிக்கும் தேயிலைக்கும் இடையே என்ன இருக்க வேண்டும் என்பதற்கு இலண்டன் சந்தையே நெறி வகுத்தது. கூடைக்கும் பெண்ணின் தலைக்கும் இடையே என்ன இருக்க வேண்டும் என்று கேட்க எந்தச் சந்தையும் இருக்கவில்லை.

தண்டவாளத்துக்குக் கீழே ஓர் ஊர்

புகையிரதம் 1885இல் நானுஓயாவையும், 1893இல் அப்புத்தளையையும், 1894இல் பண்டாரவளையையும் அடைந்தது. பதுளையை அடைய மேலும் முப்பது ஆண்டுகள் பிடித்தன, அது 1924. ஊவாவின் தேயிலை வரலாற்றில் இவை பெரிய ஆண்டுகள். ஆனால் கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டங்கள் தண்டவாளத்துக்கு மிகவும் கீழே கிடந்தன. இங்கிருந்து புகையிரதத்தைப் பிடிக்க வேண்டுமெனில் பாரம் மலையேற வேண்டும். மாட்டு வண்டியும் பின்னர் லொறியும் அவ்வேலையைச் செய்தன.

1890இல் அப்புத்தளைக்கு அருகே டம்பேதென்னத் தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், மலைச்சரிவில் கம்பிவடம் அமைத்துக் கொழுந்தை ஆலைக்கு இறக்கினார். சுமைக்கும் நிலத்துக்கும் இடையே முழு வானத்தையே இடைவெளியாக வைத்த ஏற்பாடு அது! ஆயினும் செடியிலிருந்து கம்பிவடத்தின் முனைவரை கொழுந்தைக் கொண்டுபோனது கூடையும் கொங்காணியுமே. எந்தப் புதிய வாகனம் வந்தாலும் கடைசி அரைமைல் மனித உடம்பின் பங்காகவே இருந்தது.

மோட்டார் சைக்கிள் வந்தது

மோட்டார் சைக்கிளில் உலகைச் சுற்றிய முதலாமவர் என்று போற்றப்படும் அமெரிக்கர் கார்ல் ஸ்டேர்ன்ஸ் கிளான்சி, நான்கு சிலிண்டர் கொண்ட ஹென்டர்சன் வண்டியுடன் 1912-13இல் மேற்கொண்ட பயணத்தில் இலங்கைக்கும் வந்தார். அக்காலத்து வண்டிகளில் பயணச் சுமைக்கென்று தனி ஏற்பாடு மிகக் குறைவு. பின்சட்டத்தில் தோல்வாரால் கட்டுவதே வழக்கம். இரண்டாம் உலகப் போரில் பி.எஸ்.ஏ. நிறுவனம் எம்20 என்ற வண்டியை ஒரு இலட்சத்துக்கும் மேல் செய்து பிரித்தானியப் படைக்கு வழங்கியது. பின்சில்லின் இரு பக்கமும் பை தொங்கும் படைவண்டி உலகெங்கும் பழகிய காட்சியாயிற்று. 1955இல் சென்னையில் என்ஃபீல்ட் இந்தியா தொடங்கியது. 1978இல் பந்தய வீரர் ஜியுசெப்பே விசென்சி இத்தாலியில் கிவி நிறுவனத்தைத் தொடங்கினார். கழற்றி மாட்டும் கடினப் பெட்டிகள் பின்னர் உலகெங்கும் பரவியதில் அந்நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு.

மலையகத்தில் மோட்டார் சைக்கிள் முதலில் துரைமாரின் வாகனம். சின்னத்துரை மோட்டார் சைக்கிளில் மலைக்கு வரும் ஓசையைக் கேட்டுப் பறிக்கும் கைகள் விரைந்த காலம் ஒன்று இருந்தது. 1977க்குப் பின் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வண்டிகளும், பின்னர் இந்திய வண்டிகளும் பெருகின. லயன் அறையின் வாசலிலும் ஒரு வண்டி நிற்கத் தொடங்கியது. அது உல்லாசப் பயணத்துக்கு வாங்கிய வண்டியன்று. மரக்கறி மூட்டையும், எரிவாயுச் சிலிண்டரும், மீன் பெட்டியும் அதில் ஏறின. கொஸ்லந்தப் பாதையில் மீன் விற்போரின் வண்டியைக் கவனித்துப் பாருங்கள். பின்புறத்தில் பெட்டி, பெட்டிக்கும் சட்டத்துக்கும் இடையே பழைய டயரிலிருந்து வெட்டிய றப்பர்த் துண்டுகள். தவலமத்து உப்பு ஏறிய திசையிலிருந்து இன்று மீன் ஏறி வருகிறது. மெத்தையின் இடத்தில் றப்பர் இருக்கிறது.

ஓர் இடைத்துண்டு பிறக்கும் விதம்

பெட்டிச் சட்டங்கள் பெரும்பாலும் பல வண்டிகளுக்குப் பொதுவாகச் செய்யப்படுபவை. குறிப்பிட்ட வண்டியில் பொருத்தும்போது ஒரு பக்கம் சைலன்சர் இடிக்கும், மறு பக்கம் விளக்கு இடிக்கும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில், இருந்த வண்டியையே திருத்தியும் மாற்றியும் ஓட்ட வேண்டியதாயிற்று. லேத் பட்டறைப் பாஸ்மாரின் மதிப்பை நாடு உணர்ந்த காலம் அது.

வேலை தெரிந்த பாஸ் முதலில் இரும்பைத் தொடமாட்டார். பெட்டியைக் கையால் பிடித்து, எங்கே இடிக்கிறது, எவ்வளவு விலக வேண்டும் என்று பார்ப்பார். இடிக்காத அளவுக்கு மட்டுமே விலக்குவார். ஏனெனில் இடைத்துண்டு நீளும்போது நெம்புகோலும் நீள்கிறது. நீளம் இரு மடங்கானால், பெட்டியின் நிறை போல்ட்டை வளைக்க முயலும் விசையும் இரு மடங்காகும். நான்கு முனைகளுக்கும் அளவு எடுத்த பின், தடித்த சுவருள்ள இரும்புக் குழாயை வெட்டுவார். போல்ட் தளர்வின்றி நுழையும் உள்துளை வேண்டும்.

அடுத்துத்தான் நுட்பம். குழாயின் இரு முனைகளும் மூலைமட்டத்துக்குச் சரியாக, சமதளமாக இருக்க வேண்டும். லேத்தில் கடைந்தால் இது எளிது. கைவாளால் அறுத்தால் அரத்தால் பொறுமையாக ராவ வேண்டும். முனை சரிந்திருந்தால் குழாயின் ஓர் ஓரமே சட்டத்தில் படும். இறுக்கியபோது உறுதியாகத் தோன்றும். ஓடும்போது அந்த ஓரம் நசுங்கி இறுக்கம் போய்விடும். இறுக்கம் போன பின் குழாய் தாங்காது, போல்ட் மட்டுமே தாங்கும். ஒவ்வொரு குழியிலும் அது சிறிது வளைந்து நிமிரும். ஆயிரம் முறை வளைந்த கம்பிக்கு நேர்வது அதற்கும் நேரும்.

போல்ட்டின் நீளத்தில் பலர் தவறுகிறார்கள். 20 மில்லிமீற்றர் இடைத்துண்டு வைத்தால், பழைய போல்ட்டைவிட 20 மில்லிமீற்றர் நீண்ட போல்ட் வேண்டும். மரையில் குறைந்தது போல்ட்டின் விட்டத்தின் அளவுக்காவது அது ஏறியிருக்க வேண்டும். 8 மில்லிமீற்றர் போல்ட் எனில் 8 மில்லிமீற்றர். மரை அலுமினியத்தில் இருந்தால் இன்னும் அரை மடங்கு கூடுதலாக. தலையில் 8.8 என்று பொறித்த போல்ட்டுகள் உறுதியானவை. குழாய்க்குப் பதிலாக வோஷர்களை அடுக்கி வைப்பது கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். ஆனால் ஒவ்வொரு வோஷரும் சிறிது சிறிதாக அமுங்க, மொத்தத்தில் போல்ட் தளரும். நைலோன் துண்டு இலேசானது, துருவும் பிடிக்காது. சைலன்சரின் அருகே அதை வைக்கலாகாது. இடது சட்டத்தையும் வலது சட்டத்தையும் பின்னால் ஒரு குறுக்குப் பட்டையால் இணைத்தால் பெட்டிகள் உள்நோக்கி மடியா. முதல் நூறு கிலோமீற்றர் ஓடியதும் எல்லாவற்றையும் மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. சமதரையில் ஒரு போல்ட் முறிந்தால் பெட்டி விழும், பொறுக்கி எடுக்கலாம். பெரகலையிலிருந்து இறங்கும் வளைவில் முறிந்தால், பெட்டி பின்சில்லில் சிக்கலாம். வீதியின் ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். நெடும்பயணம் செய்பவர் பணம் கொடுத்து நல்ல துண்டை வாங்கிக்கொள்வார். அதே பாதையில் நாள்தோறும் மூட்டை ஏற்றிச் செல்லும் தோட்டத்து இளைஞனின் வண்டியிலோ, பலகைச் சீவலும் கயிறும் கம்பியும் இடைத்துண்டுகளாக நிற்கின்றன. அவனுக்குத்தான் இந்தக் கணக்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும். தமிழில் எழுதப்பட்ட கைந்நூல் அவன் கைக்கு எட்டுவதில்லை என்பதும் மலையகத் தொழிற்கல்வியின் குறைகளுள் ஒன்று.

வீதி அறுந்த நாட்களில்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்த, மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை உலகத் தமிழர் மறந்திருக்க மாட்டார்கள். உயிர் தப்பியோர் கொஸ்லந்த, பூனாகலைப் பாடசாலைகளில் தங்கவைக்கப்பட்டனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது, மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. மண் சரிந்து வீதிகள் பல இடங்களில் அறுந்தன.

வீதி அறுந்தால் லொறி நிற்கும். சேற்றில் சிறிது தூரம் மோட்டார் சைக்கிள் போகும். பின்னர் அதுவும் நிற்கும். அங்கிருந்து லயன்வரை அரிசியும், மருந்தும், நடக்க இயலாதவரும் மனிதர் மீதே போயாக வேண்டும். அப்போது எவரோ ஒருவர் தோளில் கிடந்த துணியை எடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றித் தலையில் வைத்துக்கொள்வார். எவரும் அவருக்குச் செய்முறை விளக்கம் கொடுப்பதில்லை.

எமது மக்களின் தொழில்நுட்ப அறிவு என்ன என்று கேட்போர், பெரிய இயந்திரங்களைத் தேடி ஏமாறுவர். அது சும்மாட்டின் சுற்றிலும், கொங்காணியின் மடிப்பிலும், லேத் பட்டறையில் கடைந்த இரு முனைகளின் நேர்த்தியிலும் இருக்கிறது. மலையகத்துக்கான அருங்காட்சியகங்களில் கூடை வைக்கிறோம், தராசு வைக்கிறோம், தேயிலைப் பெட்டி வைக்கிறோம். கயிற்றுக்கும் தலைக்கும் இடையே இருந்த அந்தப் பழைய சாக்குத் துண்டையும் ஒரு கண்ணாடிப் பேழையில் வைக்க வேண்டும். அதன் கீழே எழுத வேண்டிய குறிப்பை, அதைப் போட்டுச் சுமந்த பெண்கள் உயிரோடு இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.